தெளியாத நீர்

பையைப் பார்க்கக்கூடாது என்றுதான் சுகிர்தம் நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்ப்பதால் தண்ணீர் தெளிந்துவிடப் போவதில்லை, பார்க்காமல் இருப்பதால் கலங்கிவிடப் போவதுமில்லை. அது அக்காவின் வயிற்றுக்குள் ராத்திரி பூராவும் கிடந்து என்ன ஆகவேண்டுமோ அப்படி ஆகிவிட்டது. இப்போது தொப்புளுக்கு ஓரமாகத் தோலைவிட்டு வெளியே வரும் குழாய் வழியாக இறங்கி, கட்டிலுக்குக் கீழே நீலத் தட்டில் கிடக்கும் காலிப் பைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. சத்தமே இல்லை. வீட்டில் என்றால் ஒரு சத்தம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது, ஒருவேளை அங்கேயும் இருந்ததில்லையோ, இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது தன்னுடைய மூச்சைத்தானோ, முகத்தில் கட்டிய துணிக்குள் போய்ப் போய் வந்துகொண்டிருந்த மூச்சை. ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரியின் பின்பக்கம். சலவை செய்த பச்சைத் துணிகளை ஒருத்தி உதறி உதறிக் கம்பியில் போட்டுக்கொண்டிருந்தாள். வெயில் இன்னும் ஏறவில்லை. நேற்றுச் சாயங்காலம் டாக்டர் இத்ரீஸ் கட்டில் ஓரமாக நின்று, அக்கா தூங்குகிறாள் என்று நினைத்துக் குரலைத் தணித்துச் சொன்னார். "அஞ்சு நாள் மருந்து போட்டுப் பாப்போம்னு சொன்னேன் இல்லையாம்மா. நாளைக்குக் காலைல இறங்குற தண்ணியப் பாத்துட்டு முடிவு பண்ணிருவோம். தெளிஞ்சிருந்தா குழாய் இருக்கட்டும். தெளியலைன்னா எடுத்துத்தான் ஆகணும். அதுக்கு மேல உள்ள வச்சிருந்தா ஆளுக்கே ஆபத்து." எடுத்துவிட்டால் அப்புறம் என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்கிறதற்கு என்ன இருக்கிறது, எடுத்துவிட்டால் டயாலிசிஸ் மெஷின்தான். மெஷின் அக்காவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதால்தானே வயிற்றில் குழாயே வைத்தது. கேட்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். டாக்டர் போன பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, "என்னம்மா, என்ன சொல்லுதாவ?" என்று கேட்டபோதுதான் நிறுத்தினாள்.

மடியில் இரண்டு கையும் சும்மா கிடந்தன. அதுதான் அவளுக்கு ரொம்பச் சங்கடமாக இருந்தது. நர்ஸ் பெண் செல்வராணி காலையில் வந்து குழாயின் வாயைத் திறந்து பையோடு மாட்டும்போது, பழக்கத்தில் இவள் கை தானாக நீண்டுவிட்டது, "நீங்க தொடாதீங்கம்மா, இங்க நாங்க பாத்துக்குவோம்" என்று அந்தப் பெண் பதமாகத்தான் சொன்னாள். கை திரும்பி வந்து மடியில் விழுந்தது. இரண்டு வருஷமாக இந்தக் கைக்கு வேறு வேலை கிடையாது. அக்காவின் சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப்போய், அது பிரித்துத் தள்ளவேண்டிய அழுக்கெல்லாம் உடம்பிலேயே தங்கி, கால் வீங்கி மூச்சு முட்டிக் கிடந்தபோது, வயிற்றுக்குள்ளே இருக்கிற சவ்வே அந்த அழுக்கைப் பிரிக்கும் என்று சொன்னார்கள். மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, வடித்துவிட்டு, மறுபடி புதுசு விடவேண்டும். காலையில், மத்தியானம், சாயங்காலம், படுக்கப்போகும்போது. கதவைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, முகத்தை மூடி, கையைக் கழுவி. அக்காவுக்குச் சர்க்கரையால் கண் மங்கிவிட்டது, ஆனால் காது இருக்கிறதே, குழாய்த் தண்ணீர் விழும் சத்தத்தை வைத்தே கட்டிலில் படுத்துக்கொண்டு கண்டுபிடித்துவிடுவாள். "ஏட்டி, கையக் கழுவுதியா, கைக்குத் தண்ணி காட்டுதியா? விரலிடுக்கு ஆச்சா? நகத்துக்கடி?" அவள் வார்டில் ரத்னபாய் சிஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவள். அவளிடம் பயிற்சிக்கு வந்த பெண்கள் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே படுக்கை விரிப்பின் சுருக்கத்தை இழுத்துவிடுவார்களாம், அதை அவளே பெருமையாகச் சொல்லுவாள். சுகிர்தத்துக்கும் அந்தப் பெண்கள் மாதிரிதான் இருந்தது, எழுபது வயதில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். எரிச்சல் வரும். ஒரு தடவை, "நீயே எந்திரிச்சு வந்து செஞ்சுக்கோ" என்று சொல்லிவிட்டாள், அக்கா சிரித்தாள், "எந்திரிக்க முடிஞ்சா ஒன்ன எதுக்குட்டி கூப்பிடுதேன்" என்றாள். அந்தச் சத்தம் இப்போது வந்தால் போதும். கட்டிலில் இருந்து ஒரு அதட்டல். அன்றைக்கு, தண்ணீர் கலங்கிய அந்த முதல் நாள் காலையிலும், அதுதான் வரவில்லை.

குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டே அவள் காத்திருந்தாள், அதட்டல் வரும் என்று. விரலிடுக்கு ஆச்சு, நகத்துக்கடி ஆச்சு, வரவில்லை. வேண்டுமென்றே சீக்கிரமாகக் குழாயை மூடினாள். அப்போதும் வரவில்லை. ஈரக்கையோடு வந்து பார்த்தால் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், கண் திறந்துதான் இருந்தது. "அம்மா இன்னும் ஜெபக்கூட்டத்துலேருந்து வரலையா?" என்று கேட்டாள். அம்மா போய் எத்தனையோ காலமாகிவிட்டது, அப்போது சுகிர்தத்துக்குப் பள்ளிக்கூடத்தில் போடுகிற வயசு, அக்காவுக்குத் தாவணி போட்ட வயசு. கனவு கண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வயிற்றுக் குழாயைத் திறந்துவிட்டாள், பை நிறைந்ததும் தூக்கிப் பார்த்தாள், அரிசி களைந்த தண்ணீர். எப்போதும் இளநீர் மாதிரி, லேசான மஞ்சளாக, பளிச்சென்று இருக்கும். அன்றைக்கு அரிசி களைந்த தண்ணீர். அதற்குள்ளே வெள்ளை வெள்ளையாக நூல் மாதிரி ஏதோ. அந்தப் பையைத் துணிப்பையில் வைத்துக் கட்டிக்கொண்டு, அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வழியெல்லாம் பை மடியில் வெதுவெதுவென்று இருந்தது, அக்காவின் உடம்புச் சூடு. காய்ச்சல் இல்லை. வலிக்கிறதா என்று கேட்டால், "வயிறு கொஞ்சம் கனமா இருக்கு, அவ்வளவுதான்" என்றாள். டாக்டர் பையைப் பார்த்ததுமே வயிற்றுக்குள்ளே சீழ்க்கட்டு மாதிரி, சவ்வில் கிருமி பிடித்துவிட்டது என்று சொன்னார். "வயசானவங்களுக்கு இப்படித்தாம்மா. காய்ச்சல் வராது, வலி சரியாத் தெரியாது. ஆள் மட்டும் ஒரு மாதிரி ஆயிருவாங்க. அதுக்குள்ள உள்ள முத்திரும்." ஆள் ஒரு மாதிரி. அக்கா இந்த ஐந்து நாளில் வருவாள், போவாள். காலையில் தெளிவாகப் பேசுவாள், மத்தியானம் யாரையோ கூப்பிட்டுச் சலைன் பாட்டிலை மாற்றச் சொல்லுவாள். அவளும் அந்தப் பைத் தண்ணீர் மாதிரிதான், கொஞ்சம் தெளிந்து கொஞ்சம் கலங்கி.

கிருமி எப்போது உள்ளே போனது என்று சுகிர்தம் மறுபடியும் யோசிக்க ஆரம்பித்தாள். யோசிக்கக்கூடாது என்று வைத்திருந்தாள். ஆனால் கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மனசு அங்கேதான் போய் நிற்கிறது, கட்டிப்போட்ட மாடு முளைக்குச்சியைச் சுற்றுகிற மாதிரி. மின்சாரம் போய் வந்த அன்றைக்குக் காற்றாடி தானாகச் சுற்றியதே, அப்போதா. போன் அடித்தது ஒரு நாள், மஸ்கட்டிலிருந்து தம்பி மகன் ஜோயல், எடுக்கவில்லை, எடுக்கவேண்டும் என்று ஒரு நொடி திரும்பினோம், திரும்பும்போது குழாயின் முனை சேலையில் பட்டதா. பட்டிருந்தால் தெரிந்திருக்குமே. தெரியுமா? இருமல் வந்த நாள். துணி கட்டியிருந்தோம், ஆனால் மூக்குக்குக் கீழே இறங்கி இருந்ததோ. பல்லி கத்தியது. பல்லி கத்தினால் என்ன, பல்லி மேலே இருந்தது. இப்படியே ஒவ்வொரு நாளாக எடுத்துப் புரட்டிப் புரட்டி வைத்துவிட்டு, மறுபடி மின்சாரம் போன நாளுக்கே வந்து நிற்பாள். இத்தனைக்கும் டாக்டர் சொல்லிவிட்டார். பரிசோதனை முடிவு வந்த அன்றைக்கே, இவள் கேட்காமலே, இவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "இது உங்க கையில இருந்து போனது இல்லம்மா. கைக்கிருமி வேற. இது குடல்ல இருக்கற கிருமி. மலம் கட்டிக்கிட்டு இருந்தா குடல்லேருந்து அப்படியே கசிஞ்சு சவ்வுக்குப் போயிரும். நீங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்கீங்க." ஆறுதலுக்குத்தான் சொன்னார், உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்குச் சாப்பிடக்கூட முடியவில்லை அவளுக்கு. கை என்றால் கழுவலாம். இன்னும் கொஞ்ச நேரம் கழுவலாம், இன்னொரு தரம் கழுவலாம், சத்தியம் செய்துகொடுக்கலாம். குடலை என்ன செய்ய. அக்கா எத்தனை நாளாக வெளிக்கிப் போகாமல் இருந்தாளோ, சொல்லவேயில்லை. ஆயுசு பூராவும் ஊரார் மலத்தட்டை முகம் சுளிக்காமல் எடுத்தவள், யார் போனார்கள், யார் போகவில்லை, என்ன நிறம் என்று வார்டில் உரக்கக் கேட்டவள், கூடப்பிறந்தவளிடம் வாய் திறந்து, "எனக்கு ரெண்டு நாளா வயிறு போகல" என்று சொல்ல வெட்கப்பட்டிருக்கிறாள். இவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதட்டியிருப்பாள். மாத்திரையும் கொஞ்சம் பேதிமருந்தும் கொடுத்தால் தீர்ந்துபோயிருக்கும். அவ்வளவு சின்ன விஷயம். ஒரு வீட்டில் இரண்டு கிழவிகள், சுவரும் கதவும் இல்லாத மாதிரி ஒருத்தி வயிற்றை இன்னொருத்தி தினமும் திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள், அதற்குள்ளேயும் சொல்ல முடியாத ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது.

"ஏட்டி." அக்கா விழித்துவிட்டாள். குரல் காய்ந்து இருந்தது, ஆனால் அவள் குரல்தான், சொந்தக் குரல். சுகிர்தம் எழுந்து போய் உதட்டில் பஞ்சால் தண்ணீர் தொட்டு வைத்தாள். "எறங்கிக்கிட்டு இருக்கா?" என்றாள் அக்கா. "எறங்குதுக்கா." "என்ன நெறம்?" சுகிர்தம் இன்னும் குனிந்து பார்க்கவில்லை. ஐந்தாவது நாள் என்பது அக்காவுக்குத் தெரியும் என்பதே அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. நேற்றுச் சாயங்காலம் தூங்கவில்லை போலிருக்கிறது. கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள். குனிந்தாள். மேலே குழாயில் வந்துகொண்டிருந்தது தெளிவாகத்தான் இருந்தது, ஒரு சாண் நீளத்துக்கு, சத்தியமாகத் தெளிவாக, கர்த்தரே என்று வாய்க்குள் வந்துவிட்டது. அப்புறம் பையைப் பார்த்தாள். நேற்று இருந்தது போலவேதான். நேற்றைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம். அடியில் வெள்ளையாகப் படிந்து, பையை லேசாக அசைத்தால் புகை மாதிரி எழும்பியது. "என்ன நெறம்னு கேட்டேம்லா." "நல்லாத்தான் இருக்கு." "நல்லான்னா?" "தெளிஞ்சிருக்குக்கா." சொல்லிவிட்டாள். யோசித்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. அக்கா முகத்தை அவள் பக்கமாகத் திருப்பினாள். பிறகு, "பேப்பர் இருக்கா?" என்றாள்.

அது வீட்டில் தினமும் செய்கிற வேலை. பயிற்சி கொடுத்தபோதே சொன்னார்கள், வடித்த பையைச் செய்தித்தாளின் மேல் வைத்தால் எழுத்து தெரியவேண்டும், தெரிந்தால் பயமில்லை என்று. அக்காவுக்குக் கண் சரியாகத் தெரியாததால் சுகிர்தம் பையின் வழியாகப் பார்த்து ஒரு வரியை வாசித்துக் காட்டவேண்டும். ஒரு வரி என்று ஆரம்பித்து, அப்புறம் அதுவே அவர்கள் பேப்பர் படிக்கிற வழக்கமாகிவிட்டது. அக்காவுக்கு அரசியல் வேண்டாம், மழை வேண்டாம், கடைசிப் பக்கத்துக் கண்ணீர் அஞ்சலிகள்தான் வேண்டும். "இன்னைக்கு யாரு?" என்பாள். பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் என்று தெரிந்த ஊர் வந்தால், யார் மகன், யார் மருமகள் என்று தேடிக்கொண்டு போவாள், ஒரு தடவை அவள் வார்டிலேயே பிறந்த ஒருவனின் பெயர் வந்தது, அன்றைக்குப் பூராவும் பேசவில்லை. இங்கே பக்கத்துக் கட்டில்காரர்கள் வாங்கிய பேப்பர் அலமாரி மேலே மடித்து வைத்திருந்தது. சுகிர்தம் அதை எடுத்தாள். பைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள், முட்டி சடக்கென்றது. பேப்பரைப் பைக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தாள், தலைப்பு எழுத்துகூட ஒரு கறுப்புக் கறையாகத்தான் இருந்தது. பேப்பரைப் பையைவிட்டு மேலே தூக்கி, மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசித்தாள். "அணையில் நீர்மட்டம் உயர்வு. விவசாயிகள் மகிழ்ச்சி." "கடைசிப் பக்கம் வாசி." திருப்பினாள். "கண்ணீர் அஞ்சலி. திருமதி சாந்தகுமாரி. வயது எண்பத்தொன்று. சாத்தான்குளம்." "பொடி எழுத்தும் தெரியுதா?" "தெரியுதுக்கா." "வாசி." "அன்னாரது நல்லடக்கம் இன்று மாலை." "அது போட்டும். பிள்ளைங்க பேரு போட்டிருக்குமே." சுகிர்தம் வாசித்தாள். மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், ஒவ்வொரு பெயராக, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கிற மாதிரி. எல்லாரையும் வாசித்து முடித்த பிறகு அக்கா சொன்னாள், "நீ நல்லா வாசிக்க." அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டாள். நம்பினாளா, நம்பவில்லையா. நல்லா வாசிக்க என்றால் என்ன அர்த்தம். சுகிர்தத்துக்குத் தரையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை, எழுந்திருக்க முயலவுமில்லை, கட்டிலின் இரும்புக்காலில் தோளைச் சாய்த்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். பை அவள் கண்ணுக்கு எதிரே இருந்தது, மெல்ல மெல்லப் பருத்துக்கொண்டு. தெளிஞ்சிரு என்று அதனிடம் சொன்னாள். ஜெபம் செய்யத்தான் நினைத்தாள், ஆனால் ஆண்டவரிடம் பேசவேண்டிய பேச்சு பையிடம் போய்விட்டது. தெளிஞ்சிரு, ஒனக்குப் புண்ணியமாப் போகும்.

மெஷின் அறை ஞாபகத்துக்கு வந்தது. வரக்கூடாது என்று தள்ளித் தள்ளி வைத்திருந்தாள், இந்த இரும்புக்காலின் குளிர்ச்சி அதைக் கொண்டுவந்துவிட்டது. கழுத்தில் ஊசிக்குழாய் போட்டு, ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விடுகிற மெஷின். அறை பூராவும் குளிர். வரிசையாகக் கட்டில்கள். ஆரம்பித்துக் கொஞ்ச நேரந்தான் ஆகியிருக்கும், அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், திறந்தவாக்கில் கண் மேலே செருகிவிட்டது, கால் இரண்டு தடவை உதைத்தது. ஓடி வந்தார்கள். கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கிக் காலை உயர்த்தினார்கள். சுகிர்தத்தை வெளியே போகச் சொன்னார்கள், அவள் கதவுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். அடுத்த தடவையும் அதேதான், அதற்கு அடுத்த தடவை இன்னும் மோசம். இதயத்துக்குத் தெம்பு இல்லை, அந்த இழுப்பைத் தாங்கவில்லை என்றார்கள். அதற்குப் பிறகு வயிற்றில் குழாய் வைத்து, முதல் தடவை தண்ணீர் உள்ளே போய் வயிறு லேசாக மேடிட்டபோது அக்கா இரண்டு கையாலும் அதைத் தடவிப் பார்த்தாள். கல்யாணமே செய்துகொள்ளாதவள். "பாத்தியாட்டி, கடைசில எனக்கும் வயிறு வந்துட்டு" என்றாள். சுகிர்தம் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போய் நின்றாள், ஏனென்றால் அவளுக்கும் பிள்ளை கிடையாது. அவள் கணவர் தேவசகாயம் ஸ்கூலில் பிரம்பையே எடுக்காத வாத்தியார், நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கே போய்விட்டார். அன்றைக்கும் அக்காதான் வந்தாள், வேறு ஊரிலிருந்து, வேலை உடுப்போடேயே. வந்து அவர் கண்ணை மூடிவிட்டு, தாடையைக் கட்டிவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி இவள் கையில் வைத்து இவள் விரல்களை மடக்கி மூடினாள். அழாதே என்று சொல்லவில்லை. "எங்கூட வந்துரு" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து ஒரே வீடு. எதற்கும் சுகிர்தம் முடிவெடுத்தது கிடையாது, எடுக்கவேண்டி வந்ததில்லை. என்ன குழம்பு என்பதுகூட அக்கா சொல்லித்தான். இப்போது டாக்டர் வந்து, "என்னம்மா செய்வோம்?" என்று தன்னைத்தான் கேட்பார். ஜோயலிடம் நேற்றுக் கேட்டாள். "அத்தை, நீங்க பக்கத்துல இருக்கீங்க, உங்களுக்குத்தான் தெரியும், என்ன செய்யணுமோ செய்யுங்க" என்றான். நல்ல பையன்தான். அங்கிருந்து அவன் வேறு என்ன சொல்லுவான். பக்கத்தில் இருக்கிறதால் மட்டும் என்ன தெரிந்துவிடுகிறது, பக்கத்தில் இருந்தால் இந்தப் பை தெரிகிறது, அவ்வளவுதான்.

செருப்புச் சத்தம் கேட்டு அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். டாக்டர் இத்ரீஸும் செல்வராணியும் வந்தார்கள். டாக்டர் நேரே கட்டிலடிக்கு வந்தார். குனிந்து பையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். பச்சைத் துணிகள் அதற்குப் பின்னால் காணாமல் போயின. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார், தெரிந்ததை இன்னொரு தரம் பார்க்கிற மாதிரி. பிறகு தட்டில் வைத்துவிட்டு, "தெளியலையேம்மா" என்றார். சுகிர்தம் அக்காவைப் பார்த்தாள். அக்காவின் கண் திறந்திருந்தது. பொய் சொன்னது தெரிந்துவிட்டதே என்று அவள் முகம் சுட்டது, ஆனால் அக்கா இவளைப் பார்க்கவேயில்லை, டாக்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், தலையணையில் தலையை நிமிர்த்தி வைத்துக்கொள்ள முயன்றபடி. "என்ன வயசு டாக்டர், பேஷண்டுக்கு?" என்றாள். டாக்டர் ஒரு நிமிஷம் சுகிர்தத்தைப் பார்த்தார். பிறகு, "எழுபத்தெட்டு, சிஸ்டர்" என்றார். "சர்க்கரையா?" "ஆமா." "ஹார்ட் எப்படி?" "வீக்காத்தான் இருக்கு." அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். வார்டில் ரவுண்ட்ஸ் வரும்போது இப்படித்தான் இருந்திருப்பாள் என்று சுகிர்தத்துக்குத் தோன்றியது, அவள் ஒருநாளும் அங்கே போய்ப் பார்த்ததில்லை. "குழாய எடுத்துருங்க" என்றாள் அக்கா. "சீழ உள்ள வச்சுக்கிட்டு எதுக்குக் காத்திருக்கணும்?" "எடுத்துட்டா மெஷின்ல போடணும் சிஸ்டர். முன்னாடி போட்டப்ப தாங்கல." "தாங்காது" என்றாள் அக்கா, அமைதியாக, வெயில் ஏறிவிட்டது என்று சொல்லுகிற மாதிரி. "ஆனா எடுக்கத்தான் வேணும். வேற வழி இல்ல, என்ன? ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கோங்க. இந்தப் பேஷண்ட் வலிச்சாச் சொல்லமாட்டா. சத்தம் போடமாட்டா. அந்த மாதிரி ஆளு. நீங்கதான் கேட்டுக் கேட்டு மருந்து குடுக்கணும்." டாக்டர், "சரி சிஸ்டர்" என்றார். செல்வராணி தலையைக் குனிந்துகொண்டு குழாயின் வாயை மூடினாள்.

தெரிந்துதான் பேசுகிறாளா. சுகிர்தம் அக்காவின் முகத்தையே பார்த்தாள். தன்னைப்பற்றித்தான் என்று தெரிந்து, தெரியாதவள் மாதிரி, தங்கச்சி முடிவெடுக்கத் திணறுவாளே என்று தானே எடுத்துக் கொடுத்துவிட்டாளா. அவளால் முடியும், அப்படிச் செய்யக்கூடியவள்தான். இல்லை, போய்விட்டாளா, மறுபடியும் அந்த வார்டுக்குள்ளே போய்விட்டாளா, அங்கே யாரோ ஒரு கிழவிக்காகப் பேசிக்கொண்டிருக்கிறாளா. டாக்டர் சுகிர்தத்தைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், இன்றைக்கே எடுத்துவிடலாம் என்றும், மத்தியானத்துக்குள் தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள் என்றும், மெஷினில் ரொம்ப மெதுவாகப் போட்டுப் பார்க்கலாம் என்றும், பார்க்கலாம் என்றுதான் சொல்ல முடியும் என்றும் சொன்னார். "நீங்க என்னம்மா சொல்லுதீங்க?" அவருக்குப் பின்னால் கட்டிலில் அக்காவின் கை விரிப்பின் சுருக்கத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லலாம். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று சொல்லலாம். வீட்டில் போய் என்ன செய்ய, சீழ் நிறைகிற வயிற்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய, அவள் சொல்லமாட்டாளே, வலித்தால் சொல்லமாட்டாளே. வேண்டும் என்று சொன்னால் அந்தக் குளிர்ந்த அறை, செருகுகிற கண். எந்தப் பக்கம் போனாலும் சுவர். "அவ சொன்னதுதான்" என்றாள் சுகிர்தம். "அக்கா சொன்ன மாதிரியே செய்யுங்க." சொன்ன பிறகும் தலை ஆடிக்கொண்டிருந்தது, இந்த முறை அவளே கையால் தாடையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

டாக்டர் போனார். செல்வராணி புதுப் பையை மாட்டாமல், வெறும் மூடியைப் போட்டு முடிச்சுக் கட்டிவிட்டு, கலங்கின பையை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அக்காவின் வயிறு காலியாகவே விடப்பட்டிருந்தது, விரிப்புக்கு அடியில் ஒன்றுமே இல்லாத மாதிரி தட்டையாக. சுகிர்தம் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள், பேசவேண்டும் என்று நினைத்தாள். பொய் சொல்லிட்டேன்க்கா என்று ஆரம்பிக்கவேண்டும், அப்புறம் என்ன சொல்லுவது என்று தெரியவில்லை. அக்கா மெல்லத் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள், மங்கின கண்ணால், ஆனால் ரொம்பப் பரிவாக. இப்படி ஒரு பரிவை வீட்டில் அவள் முகத்தில் பார்த்ததே இல்லை. இது வெளியாட்களுக்கானது.

"நீயாம்மா பேஷண்டுகூட வந்திருக்க?"

"ஆமா" என்றாள் சுகிர்தம்.

"ராத்திரி பூரா முழிச்சிருந்தியா? மொகமெல்லாம் வாடிக் கெடக்கு. ஏதாவது சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன், சிஸ்டர்."

அந்தச் சொல் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்காவின் கை விரிப்பைவிட்டு அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது, நாடி பார்க்கிற இடத்தில்.

"ஒனக்குத் தொணைக்கு யாரு இருக்கா? இந்த மாதிரி நேரத்துல தனியா நிக்கப்பிடாது. வீட்டுல யாரும் இல்லையா?"

"எங்க அக்கா இருக்கா."

"அப்ப சரி" என்றாள் ரத்னபாய். "அவளக் கூப்பிடு. கூப்பிட்டு ஒம்பக்கத்துல இருக்கச் சொல்லு."

வராண்டாவில் ஸ்ட்ரெச்சரின் சக்கரச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. சுகிர்தம் குனிந்தாள். "அக்கா" என்று கூப்பிட்டாள்.

ரத்னபாய் தலையைத் திருப்பி, யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தாள்.